அறுவடைக்குப் பிறகு கழற்ற வேண்டிய வேலி

அண்ணை,

இன்று காலை கடையைத் திறந்ததும் முதல் ஆளாகச் செல்வி அக்கா, இடிந்த சுவரை மறைக்கப் படங்கு வாங்க வந்தார். சேலையெல்லாம் யானையை விரட்டக் கொளுத்துகிற வெடிமருந்தின் கருகிய மணம். விடியற்காலையில் யானையொன்று அவர் வீட்டுப் பின்சுவரை இடித்து, அறையில் அடுக்கியிருந்த நெல்மூட்டைகளை இழுத்துப் போட்டிருக்கிறது. பிள்ளைகள் முன்னறையில் படுத்திருந்ததால் தப்பினார்கள்.

"வயலைச் சுத்தி வேலி நிக்குதுதானே தம்பி, பிறகேன் வீட்டுக்கு வந்தது?" என்று கேட்டார்.

அறுத்த பிறகும் வேலி நிற்பதால்தான் வந்தது என்று சொல்ல வாயெடுத்தேன். உங்கள் நினைவு வந்தது; படங்கை எடுக்கத் திரும்பிவிட்டேன். துக்கம் என்று நினைத்துவிடாதேங்கோ. எரிச்சல்.

அப்போது நீங்கள் பிரதேச சபை உறுப்பினர், நான் இதே உரக்கடைக்காரன். வேறு ஊர்களில் பிடித்த யானைகளை லொறியில் ஏற்றி வந்து, எங்கள் மறிச்சுக்கட்டிப் பக்கத்துக் காட்டில் இறக்கிவிட்ட காலம் அது. ஊருக்குள் ஒருவருக்கும் சொல்லவில்லை. வனசீவராசிக் கந்தோரிலிருந்து சபைக்கு வந்த அதிகாரியிடம் நீங்கள் கேட்டது இப்போதும் காதில் நிற்கிறது.

"ஐயா, இறக்கேக்குள்ள எங்களைக் கேட்டனீங்களோ?"

"இப்ப கேக்கத்தானே வந்திருக்கிறம். தீர்மானம் ஒண்டு போட்டு அனுப்புங்கோ."

"கலியாணம் முடிஞ்ச பிறகு பொம்பிளை பாக்க வந்த மாதிரியெல்லோ இருக்குது!"

சபையே சிரித்தது. அதிகாரியும் சிரித்தார். தீர்மானம் போனது. பதில்தான் வரவில்லை.

பதிலுக்குக் காத்திருக்கிற ஆள் இல்லை நீங்கள். விதைப்பு முடிந்ததும் வயலைச் சுற்றி மரக்கட்டை நட்டுக் கம்பி இழுத்து, சோலரில் மின்சாரம் கொடுக்க வைத்தீர்கள். அந்தப் போகம் ஒரு கதிர்கூடப் போகவில்லை. எல்லோரும் உங்களைத் தூக்கி வைத்துக் கொண்டாடினார்கள். அறுவடை முடிந்து, "கம்பியைக் கழட்டுங்கோ" என்று சொன்ன அன்றைக்கு அந்தக் கொண்டாட்டம் முடிந்தது.

"மெம்பர் யானையின்ர வோட்டில வந்தவரோ?" என்று ஒருவன் கத்தினான்.

"அதுகளுக்கு வோட்டு இருந்தா, உன்னைப்போல நித்திரை கொள்ளாமல் வந்து போடுங்கள்," என்றீர்கள்.

பிறகு பொறுமையாகச் சொன்னீர்கள். அறுத்த வயலில் கிடக்கிற நெல்தாளைத் தின்றால் அதுகள் அந்த வழியாலேயே காட்டுக்குத் திரும்பிவிடும். அந்த வயலையும் அடைத்தால், பசியோடு வீட்டு நெல்லைத் தேடி வரும். ஒருவரும் அசையவில்லை. "யானை வந்தா நான் பொறுப்பு," என்று முதல் கட்டையை நீங்களே பிடுங்கினீர்கள்.

நெஞ்சுவலி உங்களைக் கொண்டுபோன பிறகு வந்த இரண்டு அறுவடைக்கும் வேலியை ஒருவரும் கழற்றவில்லை. கட்டின பொருளை ஏன் பிடுங்குவான் என்று எங்கள் சனத்துக்கு ஒரு நினைப்பு. செல்வி அக்காவும் அப்படித்தான்.

கந்தோர்க்காரர் அதைவிட மோசம். போன கிழமை சபையில் கருத்துக் கேட்கிற கூட்டம் வைத்தார்கள். நிரந்தர வேலிக்கான கொங்கிறீட் தூண்கள் அதற்கு முதலே றோட்டோரம் இறக்கிக் கிடந்தன. யானை போகிற வழியைப் பார்க்காமல், வாகனம் போகிற பாதையைப் பார்த்து வேலிக்குக் கோடு கீறியிருக்கிறார்கள். அந்தக் கோட்டின்படி பாதி வயல் வேலிக்கு வெளியே. யானை படுக்கிற பற்றைக்காடு வேலிக்கு உள்ளே, வீடுகளோடு. எழும்பி, "ஐயா, யானையை உள்ளுக்கு வைச்சு எங்களை அடைக்கப் போறியளோ?" என்று கேட்டேன். "உங்கட கருத்தைக் குறிச்சுக்கொண்டம்," என்றார்கள். தேத்தண்ணி வந்தது. அடுத்த விடயத்துக்குப் போய்விட்டார்கள். வியாபாரத்தில் சாமானை அனுப்பிவிட்டு, வேண்டுமா என்று பிறகு கேட்கிறவனிடம் நான் இரண்டாம் முறை போகமாட்டேன். இவர்களிடம் மட்டும் திரும்பத் திரும்பப் போக வேண்டியிருக்கிறது.

படங்கைக் கட்டிக்கொடுக்க அக்காவோடு வீட்டுக்குப் போனேன். கட்டி முடிந்ததும், "வாங்கோ அக்கா, வயல் கம்பியைக் கழட்டுவம்," என்றேன்.

"உனக்கென்ன விசரே? சுவரும் இல்லாமல் கிடக்கிறன். வேலியையும் கழட்டினால்?"

"வயலில தின்ன விட்டால் வீட்டுக்கு வராது."

"வந்தா? ஆர் பொறுப்பு?"

எத்தனை கூட்டத்தில் நானே கேட்ட கேள்வி. காடு எங்களுடையது அல்ல என்பார் ஒரு அதிகாரி, யானை எங்களுடையது அல்ல என்பார் இன்னொருவர். மேலிடத்தைக் காட்டுவார் மூன்றாமவர்.

"நான்," என்றேன்.

அக்கா என்னோடு வயலுக்கு நடந்தார். பிறகு சோலரை நிறுத்திவிட்டு வந்து, கம்பியின் மற்ற நுனியைப் பிடித்தார்.

சரிவருமோ தெரியாது, அண்ணை. நாளைக்கு யானை திரும்ப வந்தால் இந்த ஊர் என்னைத்தான் ஏசும். பயமாகவும் இருக்கிறது. ஆனால் 'நான்' என்கிற அந்த ஒரு சொல்லை இத்தனை வருடத்தில் உங்கள் வாயால் மட்டுந்தான் கேட்டிருக்கிறேன். நீங்கள் போன பிறகு அதைச் சொல்ல ஆளில்லாமல் கிடந்தது. இப்போது என்னிடம் இருக்கிறது.