பின்பலகையைக் கழற்று

மண்டி மொஹல்லா, மைசூர்
ஜூலை 1954

தம்பி பழனிமுத்துவுக்கு பர்னபாஸ் எழுதுவது. ஆண்டவர் தயவால் நானும் என் வீட்டுக்காரி ஜேனும் சுகம். நீயும் உன் மனைவி சென்னம்மாவும் பெங்களூரில் சுகமாக இருக்க வேண்டும்.

எழுத்து கோணல்மாணலாக இருப்பதை மன்னித்துக்கொள். சில எழுத்து எறும்பு மாதிரி இருக்கும், சில எழுத்து எருமை மாதிரி இருக்கும். கோட்டின்மேல் நிற்க மாட்டேன் என்கின்றன. ஆனால் எல்லாம் என் கையால் எழுதியவை. ஆமாம், நான்தான்! கோயில் ஹாலில் சாயங்காலம் விக்டோரியா டீச்சர் பெரியவர்களுக்கு எழுத்துச் சொல்லித் தருகிறார். உன் பெயரில் வரும் 'ழ'வை எழுதும்போது என் நாக்கும் கூடவே வளைகிறதாம். ஜேன் பார்த்துப் பார்த்துச் சிரிக்கிறாள். இந்த வயதில் இப்படி ஒரு சந்தோஷம் கிடைக்கும் என்று நான் நினைக்கவே இல்லை.

தபாலாபீஸ் வாசலில் கடிதம் எழுதிக் கொடுப்பவரிடம் நமக்குள் நடந்ததை எப்போதோ சொல்லி எழுதியிருக்கலாம். ஆனால் சாயங்காலத்துக்குள் மண்டி முழுக்க உன் கதை தெரிந்திருக்கும். அதனால்தான் நானே எழுதப் பழகும்வரை காத்திருந்தேன்.

மில்லுக்குப் பஞ்சு பேல் ஏற்றி வரும் லாரிக்காரன் கொர்னேலியஸ் நேற்று வந்தான். மில்லில் மூட்டை இழுக்க முன்பு நான் ஓட்டிய நம் பேட்டரி வண்டி அங்கே பெங்களூரில் கைப்பிடியை விட்ட பிறகும் நிற்காமல் ஓடிப் போய் கிடங்குக் கதவை உடைத்ததாம். வண்டிக்குப் பேய் பிடித்திருக்கிறது என்று நீ எலுமிச்சம்பழம் கட்டியிருக்கிறாயாம். மில் முழுக்க சிரிக்கிறார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அது என்ன பேய் என்று உனக்கும் எனக்கும்தான் தெரியும்.

போன ஆயுத பூஜை அன்று நீங்கள் பூஜைக்கு உட்கார்ந்ததும் நான் வழக்கம்போல டீ குடிக்கப் போனேன். திரும்பி வந்தபோது வண்டி சொட்டச் சொட்ட நின்றது. நீ பல்லைக் காட்டிக்கொண்டு, "வண்டியோட உசுரு பொட்டிக்குள்ளதான் இருக்குதுன்னு நீங்கதானுங்களே அண்ணே சொன்னீங்க? அதான் மூடியத் தெறந்து உசுருக்கே அபிசேகம் பண்ணிப்போட்டேன்" என்றாய். நானும் சிரித்தேன். மறுபடி கைப்பிடியை அழுத்தியபோது வண்டி அசையவில்லை.

நீ அபிஷேகம் செய்த அந்தக் கண்ட்ரோலர் பெட்டியைத் திறந்தோம். நீதான் விளக்குப் பிடித்தாய். உள்ளே செப்புத் தகடுகளுக்கு நடுவில் தண்ணீர் சிவப்பாக நின்றது. குங்குமமும் சந்தனமும் கரைந்து வந்த தண்ணீர். மழைத் தண்ணீருக்கு அந்த நிறம் கிடையாது. யார் பார்த்தாலும் நீ செய்தது தெரிந்துவிடும் என்று என் தலைத்துண்டால் ஒற்றி ஒற்றித் துடைத்தேன். நீயே சூப்பர்வைசரிடம் சொல்லிவிடுவாய், சொல்லும்போது கூட நிற்கலாம் என்று நினைத்துக்கொண்டேதான் துடைத்தேன்.

சூப்பர்வைசர் தொட்டையன் வந்தார். நீ என் முகத்தைப் பார்க்காமல், "அண்ணன் ராத்திரி வண்டிய வெளிய விட்டுப்போட்டாருங்க, மழையில நனைஞ்சு போச்சுங்க" என்றாய். என் கையில் அந்தச் சிவப்புத் துண்டு இருந்தது. அதை விரித்துக் காட்டியிருக்கலாம். உன் குரலைக் கேட்டதும் கை அசையவில்லை. அவர் என்னைப் பார்த்து, "ஏனப்பா பர்னபாஸ், வயசாயித்தா உனக்கு? இனிமே கேட்ல உக்காரு" என்றார். பெட்டி காய்ந்து வண்டி ஓடியதும் அதை உன்னிடம் கொடுத்து பெங்களூர்க் கிளைக்கும் அனுப்பினார்கள். நீ போகும்போது என் வாசலைத் தாண்டித்தான் போனாய், நிற்கவில்லை.

இங்கே எல்லாரும் என்னை மழைக்கிழவன் என்று கூப்பிடுகிறார்கள். கேட்டில் உட்கார்ந்து லாரிகளுக்குச் சங்கிலியை அவிழ்த்துவிடுகிறேன். அது போகட்டும். வேலையின் விஷயம் சொல்கிறேன், கவனமாகப் படி.

கைப்பிடியை விட்டதும், மோட்டாருக்கு மின்சாரம் விடும் செப்பு நாக்கைப் பின்னுக்கு இழுக்கும் வில் ஒன்று இருக்கிறது. அது பெட்டியின் பின்பலகைக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. நான் துடைத்தது முன்பக்கம் மட்டும். நீ ஊற்றிய சந்தனம் பின்னால் இறங்கியிருக்கும். வெயில் காலத்தில் காய்ந்து சும்மா கிடந்தது. இப்போது மழைக்காற்றில் ஊறிப் பசை மாதிரி ஒட்டுகிறது, வில்லும் துருப்பிடித்திருக்கும். நாக்கு ஒட்டிக்கொண்டால் நீ கைப்பிடியை விட்டாலும் வண்டி நிற்காது. அப்படி ஓடினால் கையைப் பிசைந்துகொண்டு நிற்காதே. முதலில் பேட்டரி வயரைப் பிடுங்கு.

ஆனால் அதைக் கழற்றிச் சுத்தம் செய்வது உன்னாலோ என்னாலோ ஆகாது. அங்கே இருக்கும் இன்ஜினியர்தான் செய்ய வேண்டும். அவராகச் செய்ய மாட்டார். மழைத் தண்ணீர் மூடி வழியாக நாலு சொட்டு இறங்கியிருக்கும், அது எப்போதோ காய்ந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டிருப்பார். ஒரு செம்புத் தண்ணீரைச் சந்தனத்தோடு உள்ளே ஊற்றினேன் என்று நீ சொன்னால்தான் பின்பலகையைக் கழற்றுவார். நீ சொன்ன பொய் அந்தப் பெட்டிக்குள் இன்னும் காயாமல் இருக்கிறது, தம்பி.

எனக்காகச் சொல்ல வேண்டாம். நீ சொன்னாலும் வண்டியை எனக்குத் திருப்பித் தரப் போவதில்லை. மத்தியானம் சென்னம்மா சோறு கொண்டு வந்து வண்டிக்கு முன்னால்தான் நிற்கிறாள் என்று கொர்னேலியஸ் சொன்னான். அவளைத் தள்ளி நிற்கச் சொல். காரணம் கேட்டால் அதையும் சொல்.

கர்த்தர் உன்னையும் அவளையும் காப்பாராக. உனக்கு வாய் திறக்கும் தைரியத்தையும் தருவாராக. ஜேனிடம் இந்தக் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள்.

'உன் அண்ணன்' என்று எழுத டீச்சரிடம் கேட்டுப் பழகி வைத்திருக்கிறேன். இன்றைக்கு அதைப் போடக் கை வரவில்லை. அடுத்த வாரம் மறுபடியும் எழுதுகிறேன். அதற்குள் நீ இன்ஜினியரிடம் பேசியிருந்தால் அப்போது போடுகிறேன்.

பர்னபாஸ்