சிவப்பு பல்பும் இஸ்திரிப் பெட்டியும்

தை 9. உறைபனி.

கருவா மாமா, இன்னைக்குத்தான் நம்ம கரண்டு எஞ்சினத் தொட்டேன். நீங்க கண்ண மூடுனதுலருந்து சாக்கு மூடியே கெடந்துச்சு. தொடச்சு, ஆயில் ஊத்தி, கயித்தச் சுத்தி இழுத்தேன். பிடிச்சிருச்சு. கை காந்தல்.

உங்க அண்ணன் வந்தாரு. "பொம்பளைக்கு எதுக்கும்மா எஞ்சின்? திண்டுக்கல்லுல ஆள் கேக்குறான், தள்ளி விட்ருவோம்."

பூம்பாறைக் கல்யாணத்துக்கு லைட்டு போட ஏத்துக்கிட்டேன்னு சொன்னேன்.

"சரி. எஞ்சின எரிச்சுட்டு வந்தீன்னா அதோட வித்துருவேன்."

வித்துட்டா வீட்டுல என்ன சத்தம் இருக்கு?

தை 11. பூம்பாறை. மூடுபனி.

எஞ்சின் பந்தலுக்கு வெளிய, திறந்த எடத்துல. புகை உள்ள போகக்கூடாதே. நீங்க செஞ்ச மாதிரியே: மொதல்ல பாரமில்லாம வெறுசா ஓட்டம். அப்பறம் மைக் செட்டு. அப்பறம் பல்பு, வரிசை வரிசையா. பக்கத்துல உங்க சிவப்பு பல்பு. அது மங்குனா எஞ்சினுக்குப் பாரம் ஜாஸ்தி.

பூண்டுக் குழம்பு போட்டாங்க. எஞ்சின் பக்கத்துலயே வச்சுச் சாப்பிட்டேன்.

தை 12. கல்யாணம் முடிஞ்சது.

முகூர்த்தம் வெள்ளனே. இருட்டு விலகல. திடீர்னு எஞ்சின் முக்குது, சிவப்பு பல்பு மங்குது. ஓடிப் பாத்தா, நாயுடுபுரத்து மாப்பிள்ளையோட சித்தப்பா கரண்டு இஸ்திரிப் பெட்டியச் சொருகிக் கோட்டத் தேய்க்கிறாரு. புடுங்கிட்டேன்.

"ஏம்மா, இது வெளிச்சமே குடுக்கலியே, என்னத்தத் திங்கப் போகுது?"

"சூடு குடுக்கிறதுதாங்க பெருந்தீனி. பந்தல்ல பாதி பல்ப அணைக்கிறேன், அப்பறம் தேய்ங்க."

"அப்ப பொண்ண எப்படிப் பாக்குறது?"

ஒரு கெழவி: "ஏலே, கோட்டப் பாக்கவா வந்திருக்கோம்? சுருக்கத்தோட வரச் சொல்லு!"

ஒரே சிரிப்பு. ரெண்டு வரிசைய அணைச்சேன். தேய்ச்சு முடிச்சாரு. பெட்டியக் கழட்டிட்டு ரெண்டு வரிசையவும் மறுபடி போட்டேன். சிவப்பு பல்பு தெளிஞ்சது.

கல்யாணத்துக்கு வந்திருந்த உங்க அண்ணன் பந்தக்கால் பக்கம் நின்னு எல்லாத்தையும் பாத்துட்டாரு. காப்பியக் கையில குடுத்துட்டு, "பெரும்பாறையில ஒரு கல்யாணம் இருக்காம். போறியா?"

திண்டுக்கல் பேச்சே இல்ல.

தாலி கட்டுனாங்க. பொண்ணு மாப்பிள்ளையக் கூட்டிக்கிட்டு எல்லாரும் கோயிலுக்குப் போனாங்க. பல்பு எல்லாத்தையும் ஒவ்வொண்ணா அணைச்சேன். வெறுசா கொஞ்சம் ஓடவிட்டேன். நிறுத்துனேன்.

இருட்டு. இன்னும் விடியல. காதடைச்ச மாதிரி அமைதி. எப்பவும் அந்நேரம் நீங்க, "புள்ள, இருக்கியா?"ம்பீங்க. "இருக்கேன்"ம்பேன். அப்பறந்தான் லாந்தரக் கொளுத்துவீங்க.

லாந்தர் கையிலதான் இருந்துச்சு. கொளுத்தல. நின்னேன்.

மாமா, இருக்கீங்களா?