வாயை மூடச் சொல்லி எடுத்த படம்

ஸ்டாஃப் ரூமில் என் பக்கத்து நாற்காலிக்காரி, என் ஸ்டெல்லாவுக்கு,

நீ போய் ஒரு வருஷம் ஆகப் போகிறது. நினைவு நாளன்று எழுதலாம் என்றுதான் இருந்தேன். அதுவரை பொறுக்க முடியவில்லை. இதை உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் போய்ச் சொல்லட்டும்?

போன வாரம் ஸ்ரீவில்லிபுத்தூரில் இங்கிலீஷ் டீச்சர்களுக்கு ஒரு பயிற்சி. கம்ப்யூட்டரை வைத்து இங்கிலீஷ் வகுப்பை எப்படி நடத்துவது என்று. நம்ம ஸ்கூலிலிருந்து என்னை அனுப்பினார்கள். நீ இருந்திருந்தால் உன்னைத்தான் அனுப்பியிருப்பார்கள். பெரிய ஹால், ஒரு புரொஜக்டர், ஒரே ஒரு லேப்டாப். அதையும் பயிற்சி கொடுக்க வந்தவர் மட்டும்தான் தொட்டார். நாங்கள் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, திரையில் வந்ததை அவர் வாசிக்க வாசிக்க எழுதிக்கொண்டோம். சைக்கிளுக்கு ஸ்டாண்டு போட்டு நிறுத்திவிட்டு, சைக்கிள் விடுவது எப்படி என்று பேசின மாதிரி இருந்தது.

மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் ‘மாதிரி வகுப்பறை’ என்று ஒரு படம் போட்டார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அது நம்ம ஸ்கூல் கம்ப்யூட்டர் லேப். ஜன்னலோரம் நீ நிற்கிறாய், அந்த மாம்பழக் கலர் சேலையில். பிள்ளைகள் காதில் ஹெட்போன் மாட்டி, வாயை மூடி, ஸ்க்ரீனைப் பார்த்தபடி வரிசையாக உட்கார்ந்திருக்கிறார்கள். உன் பெயர் எங்கேயும் இல்லை. படத்துக்குக் கீழே என்ன போட்டிருந்தது தெரியுமா? ‘அமைதியான சூழலில் கேட்டுக் கற்றல்’.

அமைதியாம்! உன் வகுப்பாம்!

உன் வகுப்பை நான் உனக்கே சொல்ல வேண்டியதாயிருக்கிறது பார். இரண்டு பிள்ளைகளுக்கு ஒரு கம்ப்யூட்டர். ஒருத்தி ஸ்க்ரீனில் இருக்கும் படத்தைப் பார்த்து இங்கிலீஷில் சொல்ல வேண்டும். இன்னொருத்தி அவளுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, சொல்வதைக் கேட்டே வரைய வேண்டும். ஆட்டுக்கு இங்கிலீஷ் பெயர் மறந்துபோய் நம்ம முத்துச்செல்வி, “தாடி ஹேவ், லெக் ஃபோர்” என்று கத்த, அவள் கூட்டாளி நாலு கால் வைத்த ஒரு சாமியாரை வரைந்து வைத்தாளே! லேபே சிரித்து அடங்க எம்புட்டு நேரம் ஆனது! வீட்டில் இங்கிலீஷ் பேச ஆளில்லாத பிள்ளைகள். அம்மாக்கள் ராஜபாளையத்து மில்லுக்குப் போகிறவர்கள். அந்தப் பிள்ளைகள் வாயிலிருந்து, தப்போ சரியோ, இங்கிலீஷ் வரவைத்தவள் நீ.

அந்தப் படம் எடுத்த கதையும் எனக்குத் தெரியும். லேப் நடப்பதற்கு ஆதாரம் வேண்டும் என்று கல்வி ஆபீஸிலிருந்து கேட்டிருந்தார்கள். ஹெச்.எம். போனைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார். உடைந்தால் யார் பதில் சொல்வது என்று பயந்து, கவரைக்கூடப் பிரிக்காமல் பீரோவில் வைத்திருந்த ஹெட்போன்களை அன்றைக்குத்தான் வெளியே எடுத்தார். “ஏலே, செத்த நேரம் எல்லாரும் வாய மூடிட்டு நேராப் பாருங்க. போட்டோ எடுத்த பொறவு பேசலாம்” என்றார். எடுத்த கையோடு ஹெட்போன்கள் திரும்பவும் கவருக்குள் போய்விட்டன. நீ அவர் போகிறவரை அடக்கிக்கொண்டு, அப்புறம் என் தோளைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய். “ஏட்டி மாரி, கல்யாண ஆல்பத்துக்குக்கூட இம்புட்டு விறைப்பா நிக்க மாட்டாகட்டி” என்றாய்.

அன்றைக்குச் சிரித்தோம். இன்றைக்கு அந்த விறைப்புதான் பாடமாகிவிட்டது. கேமராவுக்காக வாயை மூடின அந்தச் செத்த நேரத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு, வருஷம் முழுக்க நீ பேச வைத்ததை விட்டுவிட்டார்கள். இதை யாரிடம் போய்ச் சொல்லி அழ?

நான் எழுந்து நின்றேன். “சார், இது எங்க ஸ்கூல். அதுல நிக்கிற டீச்சர் ஸ்டெல்லா, என் ஃப்ரெண்டு. அவ இப்ப இல்ல. ஆனா அவ கிளாஸ் இப்படி இருக்காது…” அவ்வளவுதான் சொல்லியிருப்பேன். அந்த மனுஷனுக்கு முகமெல்லாம் சிரிப்பு. “உங்க ஸ்கூலா மேடம்? கங்கிராட்ஸ்! எல்லாரும் மேடத்துக்கு ஒரு கைதட்டல் குடுங்க!” ஹால் முழுக்கக் கைதட்டினார்கள். நான் பேசிக்கொண்டே இருக்கிறேன், அவர்கள் தட்டிக்கொண்டே இருக்கிறார்கள். பக்கத்தில் இருந்த சார் என் சேலையில் படாமல் நாற்காலியை இழுத்துப் போட்டு, “உட்காருங்க டீச்சர். நாலு மணிக்கு விட்டுட்டாகன்னா பால்கோவா வாங்கிட்டு பஸ்ஸப் பிடிச்சிரலாம்” என்றார்.

ஜூனிலிருந்து எல்லா ஸ்கூலும் வாராவாரம் இதே மாதிரி ஒரு படம் அனுப்ப வேண்டுமாம். லேபில் சத்தம் கேட்டால் வகுப்பில் ஒழுங்கில்லை என்று எழுதுவார்களாம். மொழிப் பாடம், ஸ்டெல்லா! மொழிப் பாடத்தில் சத்தம் கேட்கக் கூடாதாம்!

டீ குடிக்கும்போது தேவதானத்துப் பக்கமிருந்து வந்த ஒரு டீச்சர் என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். “டீச்சர், நீங்க கோவப்பட்டது சரிதான். ஆனா எனக்கு அந்தப் படம்தான் நிம்மதி. புள்ளைக பேசுனா நானும் பேசணும்லா? பாடத்த வாசிச்சு அர்த்தம் சொல்லிருவேன். இங்கிலீஷ்ல நாலு வார்த்த சேர்ந்தாப்புல பேச எனக்கு வராது. யார்ட்டயும் சொல்லிராதீங்க” என்றாள். கண் கலங்கியிருந்தது.

எனக்கு அவள்மேல் கோபம் வரவில்லை. அவளைப் பேச வைக்காமலே வீட்டுக்கு அனுப்பின அந்தப் பயிற்சிமேல்தான் வந்தது. அந்த ஹாலில் இருந்த எல்லோரும் இங்கிலீஷ் சொல்லிக்கொடுப்பவர்கள். ஒரு டீச்சர் வாயிலிருந்தும் ஒரு இங்கிலீஷ் வாக்கியம் வரவில்லை. ஒரு விரலும் கீபோர்டில் படவில்லை. பயிற்சி முடித்தார்கள் என்று சர்டிஃபிகேட் மட்டும் போனுக்கு வந்துவிட்டது.

கேள், இனிமேல்தான் வேடிக்கை. மாதிரி ஸ்கூல் டீச்சர் என்று, ராஜபாளையத்தில் நடக்கிற அடுத்த பயிற்சியை என்னையே எடுக்கச் சொல்லிவிட்டார்கள். வருகிற சனிக்கிழமை. அந்தப் படத்தைக் காட்டி, வாயை மூடி உட்கார வைப்பது எப்படி என்று நான் சொல்லிக்கொடுக்க வேண்டுமாம்! முந்தாநாள் கல்வி ஆபீஸிலிருந்து போன் வந்தது. “ஸ்லைடு எதையும் மாத்திராதீங்க மேடம். மேல ஓகே ஆயிருச்சு.” போனை வைத்துவிட்டேன்.

நேற்று லேபில் புது விதியை ஒட்டியிருந்ததைப் பார்த்துவிட்டு முத்துச்செல்வி கேட்டாள். “டீச்சர், இனிமே நாங்க பேசக் கூடாதா?” நீ இருந்தால் என்ன சொல்லியிருப்பாய்? நான் சும்மா இருந்தால், நீ பேச வைத்த பிள்ளைகளின் வாயை உன் படத்தை வைத்தே அடைத்துவிடுவார்கள். அதை நினைத்தால் தூக்கம் வரமாட்டேன் என்கிறது. உன்னை நினைத்து அழுததைவிட இந்த வாரம் கோபத்தில் அழுததுதான் அதிகம்.

அதனால் ஒரு முடிவுக்கு வந்துவிட்டேன். ஸ்லைடை மாற்ற மாட்டேன். உன் படத்தைப் போட்டு, இது கேமராவுக்காக வாயை மூடினது என்று நடந்ததை நடந்தபடி சொல்லுவேன். அப்புறம் புரொஜக்டரை அணைத்துவிட்டு டீச்சர்களை அங்கேயே இருக்கிற லேபுக்குக் கூட்டிக்கொண்டு போவேன். இரண்டு இரண்டு பேராக, முதுகோடு முதுகாக உட்கார வைப்பேன். அந்த தேவதானத்து டீச்சரையும் வரச் சொல்லியிருக்கிறேன். அவளுக்கு ஜோடி நான்தான். தப்புத் தப்பாகப் பேசட்டும், நானும் பேசுகிறேன். அம்புட்டுப் பேரும் கத்தட்டும், சிரிக்கட்டும். சத்தம் கேட்டு யாராவது கதவைத் திறந்து, யார் கிளாஸ் இது என்று கேட்டால், ஸ்டெல்லா டீச்சர் கிளாஸ் என்று சொல்லுவேன்.

இது சத்தியம்.

உனக்கு ஏட்டி மாரி,
உன் மகளுக்குப் பெரியம்மா,
மாரீஸ்வரி