உன் நகத்தில் தேய்த்துப் பார்த்த பாலிஷ்

செவ்வாய்க்கிழமை, மகன் வாங்கியிருக்கும் காருக்குப் பாலிஷ் பார்க்கலாமென்று ஜங்ஷன் ரோட்டில் ஒரு கடைக்குப் போயிருந்தேன். கடைக்காரர் ஒரு குட்டிப் பாட்டிலை எடுத்து மேசைமேல் வைத்து, இது செராமிக் கோட்டிங், இப்போது எல்லாரும் இதைத்தான் கேட்கிறார்கள் என்றார். எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. காருக்குச் செராமிக், அதாவது பீங்கான், போடுவதை இந்த ஊரில் முதன்முதலாகக் கண்டுபிடித்த மகராசி நான்தான் என்று அந்த மனிதருக்கு எப்படித் தெரியும்? அவர் திருதிருவென்று விழித்துவிட்டு, பழைய மாதிரித் தகர டப்பா ஒன்றைத் திறந்து நீட்டினார். மண்ணெண்ணெயும் மெழுகும் கலந்த அந்த வாசம் மூக்கில் ஏறியதும் சிரிப்பு நின்றுவிட்டது. ஒன்றும் வாங்காமல் வீட்டுக்கு வந்துவிட்டேன். வந்ததிலிருந்து மனசுக்குள் உன்னோடுதான் பேசிக்கொண்டிருக்கிறேன். அதைத்தான் எழுதுகிறேன்.

இரண்டாயிரத்துச் சொச்சம் அது. பீங்கான் கம்பெனியில் நான் பொம்மைகளையும் கப்புகளையும் பளபளப்புக்கான கிளேஸ் கரைசலில் முக்கி எடுக்கும் இடத்தில் இருந்தேன், நீ செக்கிங்கில் இருந்தாய். சூளையிலிருந்து வந்த கப்பை எடுத்து டியூப்லைட்டுக்கு நேராக ஒரு சாய்ப்பு சாய்ப்பாய், அவ்வளவுதான். ஊசிமுனை ஓட்டைகூட உன்னிடம் தப்பாது. சூப்பர்வைசர் சரியென்று விட்டதையும் நீ தனியாக எடுத்து வைப்பாய். அவர் முறைத்தால், "கையெழுத்து ஒங்களுது சார், கண்ணு என்னுது" என்பாய். அந்தத் திமிருக்காகவே நான் உன் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட ஆரம்பித்தேன்.

அந்த வருஷம்தான் என் வீட்டுக்காரர் சொந்தமாக ஒரு கார் வாங்கினார். பதினோரு வருஷம் அடுத்தவர்கள் வண்டியை ஓட்டிய மனிதர். கார் பழசுதான், யாரோ பட்டறையில் கொடுத்து மெரூன் கலர் அடித்து வைத்திருந்தார்கள். ஸ்ரீமுஷ்ணத்தில் ஒரு கல்யாணத்துக்குப் பெண்ணழைப்பு வண்டியாக முதல் சவாரி, ஞாயிற்றுக்கிழமை. அதற்கு நடுவில் வேப்பூரில் அவர் தங்கச்சி வீட்டுக்குக் கான்கிரீட் ஒட்டு போடுகிறார்கள் என்று மூன்று நாள் போக வேண்டியதாயிற்று. வண்டியில் சேறு படக் கூடாதென்று பஸ்ஸில் போனார். போகும்போது வண்டியைத் தடவிக் கொடுத்துவிட்டுப் போனார், என்னிடம் போயிட்டு வரேன் என்று சொன்னாரா என்பதே சந்தேகம்.

அவர் திரும்பி வரும்போது வண்டி பளபளவென்று நிற்க வேண்டும் என்று எனக்கு ஒரு ஆசை. பாலிஷை ஏன் கடையில் வாங்க வேண்டும், நம்மிடம் இல்லாத பவுடரா என்று ஒரு அகம்பாவமும்கூட. கிளேஸில் கலக்கிற வெள்ளைக்கல் பவுடரில் ஒரு டம்ளர் எடுத்து வந்தேன். விரலில் தேய்த்தால் முகத்துக்குப் போடும் பவுடர் தோற்றுவிடும், அத்தனை நைஸ். என்ன இருந்தாலும் சோதித்துப் பார்க்காமல் போடக் கூடாதென்று ஒரு வெள்ளைக் கப்பின் மேல் தேங்காயெண்ணெய் விட்டுத் தேய்த்துப் பார்த்தேன். ஒரு கீறல் இல்லை, கப்பு பளிச்சென்று இருந்தது. பிறகென்ன, பானெட் முழுக்க அழுத்தி வட்டம் வட்டமாகத் தேய்த்தேன். துடைத்துவிட்டு வெயிலில் பார்த்தால், சிலந்தி குடும்பத்தோடு வந்து வலை கட்டினதுபோல முழுக்கக் கீறல். பளபளப்பு போய்ச் சாம்பல் பூத்துக் கிடந்தது.

உன் வீட்டுக்கு ஓடி வந்தேன். செருப்புகூடப் போடவில்லை. நீ வந்து பார்த்தாய், தலையைச் சாய்த்து, கப்பைப் பார்ப்பதுபோலவே. திட்டுவாய் என்று நினைத்தேன். நான் கப்பில் சோதித்த கதையைக் கேட்டுவிட்டு நிதானமாகச் சொன்னாய்: "கப்பு நெருப்புல வெந்தது புள்ள, அதை ஒண்ணும் பண்ண முடியாது. இது வெறும் பெயிண்டு. காத்துல காஞ்சது." இத்தனை வருஷம் பீங்கானோடு புழங்கியவளுக்கு அது தோன்றவில்லை பார்.

அன்று மத்தியானமே லீவு சொல்லிவிட்டு இருவரும் பெயிண்டுக் கடைக்குப் போனோம். போகிற வழியில் நீ ஃபேன்சி ஸ்டோரில் நுழைந்து ஒரு மெரூன் நகப்பாலிஷ் வாங்கினாய். எனக்கு எரிச்சல். இங்கே தலை போகிறது, இவளுக்கு அலங்காரம் கேட்கிறதா என்று வாய்விட்டே சொன்னேன். நீ பத்து விரலுக்கும் பூசிக்கொண்டு, ஊதி ஊதிக் காயவைத்தபடியே கடைக்குள் போனாய். பொட்டைத் தவிர முகத்தில் ஒன்றும் வைக்காத நீ!

கடைக்காரர் ஐந்தாறு டப்பாக்களை எடுத்து வைத்தார். "இது வெட்டுமா, மினுக்குமா, மூடுமா?" என்று நீ ஒவ்வொன்றாகக் கேட்டாய். அவருக்கு முதலில் புரியவே இல்லை. கீறலின் ஓரத்தைக் கொஞ்சம் சீவி எடுப்பது ஒன்று, மங்கினதை மெருகாக்குவது ஒன்று, மேலே மெழுகாகப் படர்ந்து காப்பது ஒன்று, மூன்றும் வேறு வேறு வேலை இல்லையா என்று விளக்கினாய். அவர் காம்பவுண்டு, பாலிஷ், வேக்ஸ் என்று பிரித்து வைத்தார். மூடி திறந்திருந்த டப்பாக்களிலிருந்து ஒவ்வொரு சொட்டு எடுத்து ஒவ்வொரு நகத்தில் வைத்து, ஈரத்துணியால் தேய்த்துத் தேய்த்துப் பார்த்தாய். அப்போதுதான் எனக்கு விளங்கியது. நகப்பாலிஷும் காற்றில் காய்ந்த பெயிண்டுதானே! ஒரு காம்பவுண்டு கட்டைவிரல் நகத்தில் இருந்ததையே வழித்துக்கொண்டு போயிற்று. இன்னொன்று மணல் மாதிரி கீறிவிட்டது. மூன்றாவது கீறவும் இல்லை, மங்கவும் இல்லை. "இதைக் குடுங்க" என்றாய். வேக்ஸையும் அப்படித்தான் எடுத்தாய், பூசி வெளுத்ததும் துடைத்து, நக இடுக்கில் வெள்ளை தங்காததாகப் பார்த்து. கடைக்காரர் வேலையை விட்டுவிட்டு உன் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்த வாடிக்கையாளரிடம் அவரும் வெட்டுமா மினுக்குமா என்று பேசத் தொடங்கியதை நான் என் காதால் கேட்டேன்.

துணிச் சோப்புத்தூளைத் தொடவிடவில்லை நீ, ஷாம்பூ போட்டுக் கழுவ வைத்தாய். கழுவ ஒரு வாளி, துணியை அலச இன்னொரு வாளி. கம்பெனி ஸ்பாஞ்சை நான் எடுத்தபோது, அதுக்குள்ள என்னென்ன மண்ணு குடியிருக்குதோ என்று பிடுங்கி எறிந்தாய். உன் வீட்டுக்காரரின் பழைய பனியன்களைத் துவைத்து, தையல் விளிம்பை எல்லாம் வெட்டி எடுத்து வந்திருந்தாய். காலையில் வெயில் ஏறுமுன்னும், சாயங்காலம் நிழல் விழுந்த பிறகும் இரண்டு நாள் தேய்த்தோம். வட்டமாகத் தேய்க்கக் கூடாது, நேராக, ஒரு கை அகலம் மட்டும், துடைத்துப் பார்த்த பிறகுதான் அடுத்தது. வலை மெல்ல மெல்லக் கலைந்தது. என் முகம் பானெட்டில் தெரிந்தபோது நான் அழுதேன், வெட்கமில்லாமல் சொல்கிறேன்.

டிரைவர் பக்க ஓரத்தில் மட்டும் இரண்டு விரல் அகலத்துக்குக் கீறல் போகவில்லை. இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று கெஞ்சினேன். நீ கையை எடுத்துவிட்டாய். "இதுக்கு மேல தேச்சா தகரம் தெரிஞ்சிடும். போதும்." அதன் மேல் வேக்ஸ் மட்டும் பூசினாய். எங்கே நிறுத்த வேண்டும் என்று தெரிந்த ஆளை நான் உன்னைத் தவிரப் பார்த்ததில்லை.

சனிக்கிழமை சாயங்காலம் அவர் வந்து, பையைக்கூட இறக்காமல் நேரே அந்த இடத்தில்தான் போய் நின்றார். டிரைவர் கண். யார் இதைச் செய்தது என்று கேட்டார். நான் வாயில் கொழுக்கட்டை வைத்தவள் மாதிரி நின்றேன். கூட இருந்த நீ முன்னால் வந்து, "நாந்தாண்ணே. எங்க பவுடர போட்டுத் தேச்சிட்டேன், அப்புறம் முடிஞ்ச மட்டும் சரி பண்ணிட்டோம்" என்றாய். அவர் கத்தவில்லை. கத்தியிருக்கலாம். "அடுத்தவன் பொழப்புல வெளையாடலாமாம்மா?" என்று மட்டும் கேட்டார். நீ தலையைக் குனிந்துகொண்டாய். சூப்பர்வைசரிடம்கூடக் குனியாத தலை.

தெருமுனை வரை உன் பின்னாலேயே வந்து, ஏன் அப்படிச் சொன்னாய் என்று கேட்டேன். "எம்மேல கோவம்னா அவரு என் வூட்டுக்கு வராம இருப்பாரு, அவ்ளோதான். ஒம்மேல கோவம்னா ஒன் வூட்டுலயே இல்ல இருப்பாரு" என்று சிரித்தாய். எனக்கும் அது நியாயமாகவே பட்டது. பயந்தவளுக்கு எது சொன்னாலும் நியாயமாகத்தான் படும்.

ஞாயிற்றுக்கிழமை வண்டி பூ சுமந்து ஸ்ரீமுஷ்ணத்துக்குப் போய் வந்தது, ஒருவரும் ஒன்றும் கவனிக்கவில்லை. அந்தக் கல்யாணத்திலேயே இன்னும் இரண்டு சவாரி பேசி வந்தார். ஆனால் உன்னைத் தங்கச்சி என்று அழைத்துக்கொண்டிருந்தவர், அதோடு அந்தம்மா என்று மாற்றிக்கொண்டார். நீ வந்தால் எழுந்து வெளியே போய்விடுவார். நாளைக்குச் சொல்லலாம், அடுத்த மாதம் சொல்லலாம் என்று நானும் தள்ளித் தள்ளியே வருஷங்களை ஓட்டிவிட்டேன். நீ ஒருநாளும் குத்திக் காட்டியதில்லை. வருஷா வருஷம் பொங்கலுக்கு முன்னால் வண்டிக்கு வேக்ஸ் பூசும் நாளைக்கூட நீதான் எனக்கு நினைவுபடுத்தினாய்.

போன தை மாதம் நீ செத்துப்போனாய். சாவுக்கு என் வீட்டுக்காரரும் வந்தார், ஆனால் வீட்டுக்குள் வரவில்லை. பந்தலோடு நின்றுவிட்டார்.

செவ்வாய்க்கிழமை கடையிலிருந்து வந்ததும் அவரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். எழுந்துபோய் வாசலில் உட்கார்ந்தார். பிறகு, "அவங்க மொகத்தைக்கூட பாக்காம வந்துட்டேனே" என்றார். அப்புறம், எங்கிட்ட சொல்லி என்ன ஆகப்போவுது, அவங்க வூட்டுல வந்து சொல்லு என்றார். மறுநாள் காலையிலேயே இருவரும் உன் வீட்டுக்குப் போனோம். அவர் உன் படத்தின் முன்னால் கைகூப்பி நின்றார். நான் உன் வீட்டுக்காரரிடமும் மகளிடமும், அந்த வண்டியைக் கெடுத்தது நான்தான், அவள் இல்லை என்று ஒருவழியாகச் சொல்லி முடித்தேன்.

உன் மகள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "எங்களுக்கு அப்பவே தெரியும் அத்த. யாருகிட்டயும் சொல்லக் கூடாதுன்னு அம்மா சொல்லிட்டாங்க" என்றாள்.

அன்றைக்குப் பந்தலில் நின்ற என் வீட்டுக்காரருக்கு ஒரு நாற்காலியைக் கொண்டுவந்து போட்டு, தண்ணீரும் கொடுத்து, உட்காருங்கண்ணே என்றவர் உன் வீட்டுக்காரர்தான். உள்ளே நீ கிடந்தாய். பழி உன்னுடையதில்லை என்று தெரிந்தேதான் அவர் கொடுத்திருக்கிறார்.