கல்யாணக் கார்டுக்கு ஆகாத கை

மார்ச் 3, திங்கள்

வழக்கம்போல எழுந்து, சோறு கட்டி, தண்ணீர்ப் போத்தலை நிரப்பி, செருப்பு மாட்டும்போதுதான் ஞாபகம் வந்தது. எனக்கு இனி அச்சகம் இல்லை. வெள்ளிக்கிழமையோடு முடிந்தது. கட்டிய சோற்றை வீட்டு முன்னறையில் போட்டிருக்கும் புது மேசையில் வைத்து, மத்தியானம் ஆவதற்குள் தின்று தீர்த்தேன்.

இருபது வருடத்துக்கு மேல் மெங்லெம்புவில், தவுக்கே என்று நாங்கள் கூப்பிடும் சீன முதலாளியின் அச்சகத்தில் மூன்று மொழியில் எழுத்து அடுக்கினேன். பிஸ்கட் டின், மருந்துத் தைலம், பள்ளி ஆண்டுமலர். எதிலும் என் பெயர் கிடையாது. இப்போது நாற்பத்தெட்டு வயதில் ‘துளசி டிசைன்ஸ்’. கல்யாணக் கார்டு மட்டும். தமிழ் எழுத்தைக் கையாலேயே வரைந்து கொடுப்பேன், கம்ப்யூட்டரில் எல்லாருக்கும் கிடைக்கிற எழுத்து இல்லை.

தவுக்கே ஒரு பை ஆரஞ்சு கொடுத்து அனுப்பினார். “லு பிகிர் பாய்க்-பாய்க்” என்றார். நன்றாக யோசி என்று. ஜூன் முடியும்வரை என் நாற்காலியில் யாரையும் உட்கார வைக்க மாட்டாராம். அன்பா, சாபமா, தெரியவில்லை.

முதல் கார்டு யாருக்கு என்று எனக்குத் தெரியும். என் மகள் தினேஸ்வரிக்கு. மே மாதம் பரிசம் போட வருகிறார்கள். அவள் பெயரின் ‘தி’யை எத்தனை விதமாகச் சுழித்துப் பார்த்துவிட்டேன். உண்மையைச் சொன்னால், வேலையை விட்டதே பாதி அதற்காகத்தான்.

மார்ச் 12, புதன்

வந்த முதல் ஆர்டர் கல்யாணக் கார்டு இல்லை. சிக்கந்தர் பாய் சாப்பாட்டுக் கடைக்கு நோன்பு மாத மெனு. “அக்கா, சும்மா ஒரு சின்ன மாத்தம் லா. கஞ்சிய மேல ஏத்துங்க, முர்தபாவ கீழ எறக்குங்க.” நேற்று கஞ்சியைக் கீழே இறக்கச் சொன்னதும் பாயேதான். கூலியில் பாதி பிரியாணியாக வந்தது. வீட்டில் இவருக்கு ஒரே மகிழ்ச்சி. (புருசன் பெயரை மகேந்திரன் என்று எழுத இன்னமும் கை கூசுகிறது. இவர் என்றே இருக்கட்டும்.)

மார்ச் 13

கல்யாணக் கார்டு கேட்டு ஒருவரும் இல்லை.

மார்ச் 25, செவ்வாய்

பக்கத்து வரிசை உடையப்பன் அண்ணன் காலையில் தவறிவிட்டார். அவர் சம்சாரம் மாரியம்மா அக்கா என்னிடம் ஆள் அனுப்பினார். சொந்தக்காரர்களுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்ப ஒரு நோட்டீஸ் வேண்டும். அந்த மனுசனுக்கு ஐசி அடையாள அட்டையில் இருக்கும் படத்தைத் தவிர வேறு படமே கிடையாது.

“இந்தப் படத்துல அவரு திருடன் மாதிரி இருக்காரு துளசி. இத எப்படி அனுப்புறது?”

உட்கார்ந்தேன். முகத்தின் கறுப்பை எடுத்தேன். சட்டைக் காலரை நிமிர்த்தினேன். கண்ணுக்குக் கொஞ்சம் வெளிச்சம் கொடுத்தேன். கொண்டுபோய்க் காட்டியபோது அக்கா போன் கண்ணாடியைத் தடவிக்கொண்டே இருந்தார். “இதுதான் அவரு” என்றார்.

கூலி கேட்க வாய் வரவில்லை.

ஏப்ரல் 6, ஞாயிறு

உடையப்பன் அண்ணன் படம் கைக்குக் கை மாறி எங்கெங்கேயோ போயிருக்கிறது. பத்து காஜாவிலிருந்து போன், கமுந்திங்கிலிருந்து போன். எல்லாம் சாவு. விடியும் முன்பே அடிக்கிறார்கள். முதலில் அழுகிறார்கள், பிறகு பெயர் சொல்கிறார்கள்.

முகவரியில் பழைய தோட்டத்தின் பெயரைப் போடச் சொல்கிறார்கள். அந்தத் தோட்டத்தில் ஒரு ரப்பர் பால்மரம்கூட மிச்சம் இல்லை. பாதி செம்பனை, பாதி தாமான் குடியிருப்பு வீடுகள். ஆனாலும் இன்ன தோட்டம், இன்ன லயத்து வீடு என்று போட்டே ஆக வேண்டும். தபால்காரனுக்குத்தான் புரியாது, வரவேண்டியவர்கள் சரியாக வந்துவிடுகிறார்கள்.

ஆசை இருக்கு தாசில் பண்ண, அதிர்ஷ்டம் இருக்கு கழுதை மேய்க்க.

இவரிடம் புலம்பினேன். லாரிச் சாவியை ஆணியில் மாட்டிக்கொண்டே, “கல்யாணம் எல்லாருக்கும் நடக்கும்னு சொல்ல முடியாது. இது எல்லாருக்கும் உண்டு. நல்ல யாவாரம்தான்” என்றார். சிரிப்பு வந்தது. சிரித்த பிறகு சோர்வாக இருந்தது.

ஏப்ரல் 22, செவ்வாய்

சித்தியவானிலிருந்து கேட்டிருந்த ஒரு பெண்ணுக்குக் கார்டு வரைந்து முடித்திருந்தேன். முதல் கல்யாணக் கார்டு. ஓரத்தில் மாவிலை, நடுவில் அவர்கள் இருவர் பெயர். நான் வரைந்ததில் எனக்கே பிடித்தது. இன்று போன்.

“அக்கா, கோச்சிக்காதீங்க. எனக்கு ஒண்ணும் இல்ல. மாப்பிள்ளையோட அம்மாதான்... எழவு நோட்டீஸ் செய்யிற கையில கல்யாணக் கார்டு வேணாம்னு சொல்றாங்க.”

பரவாயில்ல மா என்றேன்.

இந்தக் கைக்கு என்ன கேடு? காலையில பல் விளக்குது, சோறு ஆக்குது, சாமிக்கு விளக்கு ஏத்துது. அப்பல்லாம் ராசி பாக்கல. அவங்க வீட்டுல ஒண்ணு ஆச்சுன்னா மொத போன் எனக்குத்தான் வரும், அது மட்டும் நிச்சயம். சே, என்ன எழுதுறேன் நான். நல்லா இருக்கட்டும் அந்தப் பொண்ணு.

மே 4, ஞாயிறு

பரிசம் நல்லபடியாக முடிந்தது. மாப்பிள்ளை கோகிலன் தங்கமான பையன், தினேஸ் எது சொன்னாலும் தலையை ஆட்டுகிறான். அவன் அம்மா விமலா கண்டிப்பானவர். தட்டு வரிசை ஒன்று முன்னே பின்னே போனால்கூடக் கண் அங்கே நிற்கிறது. அப்பா இல்லாத பிள்ளையை ஒற்றையாக வளர்த்தவர், அப்படித்தான் இருப்பார்.

கூட வந்தவர் விமலாவின் அப்பா சன்னாசி தாத்தா. பத்து காஜா பக்கம் பால்மரம் வெட்டினவர். வாயில் ஒரு பல்கூட இல்லை. வெற்றிலையை இடித்துக் கொடுத்தால்தான் ஆகும். தட்டு மாற்றும் நேரத்தில் சபை நடுவே என்னைப் பார்த்துக் கேட்டாரே ஒரு கேள்வி.

“நீதான் செத்தவங்களுக்குப் படம் செய்யிற பொண்ணா?”

“ஆமாங்க தாத்தா.”

“என் படத்துக்குப் பல்லு வச்சிரு, ஆயி. பல்லோட போறேன்.”

ஆண்கள் பக்கம் வெடிச் சிரிப்பு. நானும் சிரித்துவிட்டேன். போனில் அவரை ஒரு படம்கூட எடுத்தேன், வாயெல்லாம் சிரிப்பாக. திரும்பிப் பார்த்தால் விமலாவின் முகம் இறுகிக் கிடந்தது. இது இத்தோடு போகாது என்று அப்போதே நினைத்தேன்.

மே 18, ஞாயிறு

நினைத்தது சரி. விமலா போன் செய்தார். ஆவணியில் கல்யாணம். மண்டபம், சாப்பாடு எல்லாம் பேசிவிட்டுக் கடைசியில், “கார்ட்ட நாங்க பாத்துக்கிறோம் சம்பந்தி. உங்களுக்கு எதுக்குச் சிரமம்” என்றார்.

சிரமமாம்.

“இல்லீங்க, நானே...” என்று தொடங்கினேன். “கோகிலனுக்கு நல்லது கெட்டது பாக்க நான் ஒருத்திதான் இருக்கேன். நீங்க தப்பா எடுத்துக்கக் கூடாது” என்றார். சரிங்க என்று போனை வைத்தேன்.

மே 19

தினேஸ் குதிக்கிறாள். “அம்மா செய்யிறதா இருந்தாத்தான் கார்டு. இல்லன்னா கார்டே வேணாம்” என்று கோகிலனிடம் சொல்லப் போகிறாளாம். வேண்டாம் என்று கையைப் பிடித்துக்கொண்டேன். வாழப் போகிற வீட்டில் முதல் சண்டை என்னால் வரக்கூடாது. ஒரு கார்டுதானே. கல்யாணம் முடிந்தால் குப்பைக்குப் போகிற காகிதம்.

எழுதிவிட்டேன். நம்பவில்லை.

வரைந்து வைத்த ‘தி’க்களை எல்லாம் உறையில் போட்டு அலமாரிமேல் வைத்தேன். கிழிக்க மனசு வரவில்லை.

ஜூன் 10, செவ்வாய்

பொழுது விடிந்ததிலிருந்து சாவு, சாவு, சாவு. தாலாட்டுப் பாடுகிறவளுக்கும் ஒப்பாரி வைக்கிறவளுக்கும் தொண்டை ஒன்றுதானே. எனக்கு மட்டும் ஏன் ஒன்றே விதித்தது?

ஜூன் 27, வெள்ளி

தவுக்கேக்கு நானே போன் செய்தேன். ஒன்றும் கேட்கவில்லை அவர். “திங்கக் கிழமையா, அடுத்த திங்கக் கிழமையா?” என்றார். அடுத்த திங்கள், ஜூலை ஏழு. பிஸ்கட் டின் யாரையும் ராசி பார்க்காது.

இவர், “நல்லா யோசிச்சியா?” என்று மட்டும் கேட்டார். யோசிக்கத் தெம்பு இல்லை என்றேன். இன்று மீன் வாங்கி வந்து தானே சுத்தம் செய்து கொடுத்தார். கோபித்துக்கொள்ளக்கூட ஆள் இல்லாத வீடு.

‘துளசி டிசைன்ஸ்’ சமூக வலைத்தளப் பக்கத்தை இன்னும் மூடவில்லை. முதல் சம்பளம் வந்ததும் மூடலாம்.

ஜூலை 7, திங்கள்

அச்சகத்துக்குச் சோறு கட்டிக்கொண்டிருந்தேன். போன் அடித்தது. எடுக்கக் கூடாது என்றுதான் நினைத்தேன். திரையில் விமலா.

அழவில்லை. அதுதான் பயமாக இருந்தது. “சம்பந்தி, அப்பா போய்ட்டாரு. தூக்கத்துலயே. டீ கொண்டு போனேன், எந்திரிக்கல.”

நான் என்னவோ சொன்னேன், ஆறுதலாக. பிறகு அவர், “நோட்டீஸு... வேற யார்கிட்டயும் கேக்க எனக்குப் பிடிக்கல” என்றார்.

செய்கிறேன் என்றேன். தவுக்கேக்கு இன்று வரமுடியாது என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். மேசையில் கட்டின சோறு, பக்கத்தில் தாத்தா படம். பரிசத்தன்று நான் எடுத்த அதே படம். எந்த வேலையும் அந்த முகத்துக்குத் தேவைப்படவில்லை. பல்லைத் தவிர.

வாக்குக் கேட்டிருக்கிறாரே மனுசர். வைத்துப் பார்த்தேன். வரிசையாக, வெள்ளையாக, தேர்தலுக்கு நிற்கிறவர் மாதிரி ஆகிவிட்டார். பல் வைத்தது ஒன்று, வைக்காதது ஒன்று, இரண்டையும் விமலாவுக்கு அனுப்பினேன். தப்புச் செய்துவிட்டோமோ என்று போனை எடுத்து எடுத்துப் பார்த்தேன். பிறகு குரல் செய்தி. சிரிக்கிறாரா அழுகிறாரா என்று முதலில் தெரியவில்லை.

“ஐயோ, பல்லு... பல்லு வேணாம் சம்பந்தி. எங்கப்பா எங்கப்பாவாவே இருக்கட்டும்.”

மன்னிச்சிருங்க தாத்தா. மகள் சொல்லிட்டாங்க.

கீழே போடவேண்டிய பெயர்களைத் தனியாக அனுப்பியிருந்தார். மகள், பிறகு பேரன். அந்த வரியில் வந்து நின்றேன். ‘பேரன் கோகிலன் – தினேஸ்வரி’.

போன் செய்தேன். “சம்பந்தி, தினேஸ் பேரும் போட்டிருக்கீங்க. இன்னும் கல்யாணம் ஆகலையே.”

“எங்கப்பாவுக்கு அவ யாருன்னு தெரியும். போடுங்க.”

போட்டேன். என் மகள் பெயரையும் அவள் கட்டிக்கொள்ளப் போகிறவன் பெயரையும் முதல்முறையாகப் பக்கத்தில் பக்கத்தில் என் கையால் வைத்தது இதில்தான். எத்தனை மாதம் கனவு கண்ட வரி. மாவிலைக்கு நடுவே வரவேண்டியது கறுப்புக் கட்டத்துக்குள் வந்து உட்கார்ந்தது. மேசையில் தலையைச் சாய்த்து நன்றாக அழுதேன். தாத்தாவுக்காகவும், எனக்காகவும். எவ்வளவு யாருக்கு என்று பிரிக்கத் தெரியவில்லை.

ஜூலை 8, செவ்வாய்

பத்து காஜா போய் வந்தோம். பழைய தோட்டத்து ஆட்கள் எங்கிருந்தெல்லாமோ வந்திருந்தார்கள். வந்தவர்கள் போனில் அந்தப் படத்தைக் காட்டி, “கெழவன் கடைசி வரைக்கும் சிரிச்சிட்டுத்தான் போயிருக்கான்” என்று பேசிக்கொண்டார்கள். விமலா என் தோளில் சாய்ந்து ஒருமுறை உடைந்து அழுதார். இரும்பு மாதிரி இருந்தவர். தூக்கிப் பிடித்துக்கொண்டேன்.

ஜூலை 11, வெள்ளி

எப்போது வருகிறேன் என்று தவுக்கே போனில் கேட்டார். வரவில்லை என்று சொல்லிவிட்டேன். ஏன் என்று எனக்கே முழுசாகத் தெரியாது. “நாற்காலி?” என்றார். வேறு ஆளுக்குக் கொடுத்துவிடச் சொன்னேன். “ஓக்கே லா, துளசி” என்றார். அவர் குரலும் களைத்திருந்தது.

ஜூலை 22, செவ்வாய்

கருமக்கிரியை. கூட்டம் சாப்பிட்டுக் கலைந்த பிறகு, விமலா என் பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். கல்யாணத்தைத் தைக்குத் தள்ளலாம் என்றார். சரி என்றேன். ஐஸ் கரைந்த தண்ணீரைக் கையில் வைத்து ஆட்டிக்கொண்டே இருந்தார்.

“கார்டுல அப்பா பேருக்கு முன்னால என்னமோ போடுவாங்களே, சம்பந்தி.”

“அமரர்.”

“ஆங், அதான். அத நீங்களே எழுதிருங்க.”

“அந்த ஒரு சொல் மட்டும் போதுமா?” என்றேன். வேண்டுமென்றேதான் கேட்டேன். எனக்கும் ரோசம் இருக்கிறது.

அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். “ஒரு கார்ட்ட யாராச்சும் ரெண்டு கையில எழுதுவாங்களா?” என்றார்.

மன்னிப்பு என்று ஒரு வார்த்தை அவரும் சொல்லவில்லை, நானும் எதிர்பார்க்கவில்லை. தினேஸும் கோகிலனும் தூரத்தில் பாத்திரம் அடுக்கிக்கொண்டிருந்தார்கள்.

வீட்டுக்கு வந்து குளித்துவிட்டு, அலமாரிமேல் இருந்த உறையை எடுத்தேன். முதலில் ‘அமரர்’ எழுதினேன். என் கைக்கு நன்றாகப் பழகிய சொல், ஒரே இழுப்பில் வந்தது. அடுத்து ‘தி’. அதற்குத்தான் நேரம் ஆயிற்று. ‘கோ’ தொடங்கும்போது போன் அடித்தது. அந்தப் பக்கம் ஒரு பெண்ணின் அழுகை.

“அழுதுக்கிட்டே சொல்லும்மா, பரவால்ல. அப்பா பேரு என்ன?” என்று கேட்டு, அதே பேனாவால் எழுதிக்கொண்டேன்.