பன்னிரண்டாம் அறையின் முகவரி

உங்கள் மேலுள்ள பாசத்தில், நீங்கள் எழுதிய செயலியில் யாரையும் கை வைக்க விடாமல் நான் தடுப்பதாக விருதுநகரில் ஒரு பேச்சு ஓடுகிறது. கிளப்பிவிட்டவன் நம் மகன். அது பொய். அதை மாற்றச் சொல்லி முதலில் எழுதியவளே நான். உங்களுக்குத் தெரியும்.

உங்கள் நீல அட்டை நோட்டு என் முன்னால் திறந்து கிடக்கிறது. நீங்கள் போய்ச் சேர்ந்து இரண்டு வருடமாகியும் தாள்களில் மூக்குப்பொடி வாடை போகவில்லை. செயலியில் எது மாறினாலும் இதில் எழுதி, நான் சோதித்து, கையெழுத்துப் போட்ட பிறகே ஆலைகளுக்குப் போகும். கான்வென்ட்டில் படித்த கணக்கு டீச்சர் கண்ணுக்கு எதுவும் தப்பாது என்று எல்லோரிடமும் சொல்வீர்கள். கேட்க நன்றாகத்தான் இருந்தது.

பட்டாசு ஆலையில் ஒவ்வொரு அறையும் தனிக் கட்டடம். சுவரில் எண் எழுதியிருக்கும். அறைக்கொரு வெப்பமானி மாட்டினீர்கள். சூடு கூடினால் மணி அடித்து, போர்மேன் கைப்பேசியில் அறை எண் வரும். வெப்பமானியின் இணைய முகவரி, புள்ளி வைத்துப் பிரித்த நான்கு எண்கள். கடைசி எண்ணாக அறை எண்ணையே வைத்தீர்கள். செயலியும் அதைப் பார்த்தே அறையைச் சொன்னது.

"முகவரி நாளைக்கு மாறும். அறை எண்ணுக்குத் தனி இடம் வைங்க" என்றேன்.

"ஏம்மா, சுவத்துல பன்னெண்டுன்னா இங்கனயும் பன்னெண்டுதான். ஒன் கிளாஸ் ரூமை இங்கன கொண்டாராத."

நோட்டில் எழுதிவைத்தேன். பக்கத்திலேயே "தேவையில்லை" என்று எழுதினீர்கள். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் கையெழுத்துப் போட்டேன்.

இப்போது வரும் இணைய இணைப்புகளுக்கு நீளமான புது முகவரிகள் வேண்டும். நம் மகன் செயலியை அவற்றுக்கு ஏற்றபடி திருத்தினான். முகவரியின் கடைசியில் அறை எண்ணை வைக்கும் உங்கள் பழக்கத்தை மட்டும் விடவில்லை. ஒன்று முதல் ஒன்பது வரையுள்ள அறைகளைச் சோதித்தான், சரியாக வந்தது. வெம்பக்கோட்டைப் பக்கம் மூன்று ஆலைகளில் போட்டும் விட்டான். ஆலைக்காரர்கள் என் கையெழுத்துள்ள நோட்டுப் பக்கத்தைக் கேட்ட பிறகுதான் என்னிடம் வந்தான்.

ஓர் ஆலைக்குப் போனேன். சோதிக்கப் போவதாகப் போர்மேனிடம் சொன்னேன்; எந்த அறை என்று சொல்லவில்லை. பிளாஸ்கில் கொண்டுபோன வெந்நீரில் துண்டை நனைத்து, பன்னிரண்டாம் அறை வாசலிலிருந்த வெப்பமானியில் சுற்றினேன். மணி அடித்தது. தூரத்தில் பதினெட்டாம் அறைப் பெண்கள் வெளியே ஓடுவது தெரிந்தது. என் கண்ணெதிரே பன்னிரண்டில் நான்கு பெண்கள் திரி நறுக்கியபடி உட்கார்ந்திருந்தார்கள்.

ஒருத்தி நிமிர்ந்து கேட்டாள்: "எந்த ரூம்ல டீச்சரம்மா மணி? நம்மது இல்லேல?"

போர்மேன் மூச்சிரைக்க வந்தார். "போன்ல பதினெட்டுன்னு வந்துச்சு, அங்கன ஒண்ணுமே இல்லையே! துண்டை எங்கன சுத்துனீக?"

புது முகவரிகள் நம்மைப் போலப் பத்துப் பத்தாக எண்ணுவதில்லை. பதினாறு பதினாறாக எண்ணுகின்றன. அங்கே 12 என்று எழுதினால் ஒரு பதினாறும் இரண்டும், நம் கணக்கில் பதினெட்டு. ஒன்பது வரை வித்தியாசமே வராது. நம் மகன் ஒன்பதோடு நிறுத்திக்கொண்டான்.

அந்த ஆலையில் செயலியை அன்றே நிறுத்திவிட்டார்கள். மற்ற இரண்டுக்கும் நானே போன் செய்து சொன்னேன். "ஒங்க மகன் சொன்னாருங்கம்மா. அய்யா நெனப்புல இருக்கீக, ஓய்வெடுங்க" என்றார்கள்; செயலியை நிறுத்தவில்லை.

அவனைக் கேட்டேன். "சீசன் ஆர்டர் ஓடுதும்மா. இப்பப் போய்த் தப்புன்னு சொன்னா அப்பா பேரு என்னாகும்? கையெழுத்தை மட்டும் போடுங்க."

உங்கள் மனம் கோணக்கூடாதென்று ஒருமுறை கையெழுத்துப் போட்டவள்தானே நான். உங்களிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்தக் கையெழுத்துதான். அதை எடுத்தெறிய முடியவில்லை.

இரண்டாவது கையெழுத்து கிடையாது. உங்களிடம் பதில் கேட்க வழியில்லாததால் இந்தக் கடிதத்தின் நகலை நம் மகனுக்கு அனுப்புகிறேன். அந்த இரண்டு ஆலைகளிலும் செயலியை எந்த நாளில் நிறுத்தினாய் என்பதை, தம்பி, எனக்கு எழுத்தில் தெரிவி.