தபிதா எழுதாத பனி

அன்புள்ள அம்மா,

நடந்ததையெல்லாம் உள்ளபடியே எழுதப் போகிறேன். ஒன்றை மட்டும் உன்னிடம் சொல்ல மாட்டேன் என்று அப்பாவுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன். அதை எழுத மாட்டேன்.

ஒஹையோ ஆற்றங்கரையில் முதலில் குடியேறிய வெள்ளைக்காரர்களில் ஒருத்தியான தபிதா ஆர்கட்டின் நாட்குறிப்பை அப்பா பதிப்பிக்கிறார் அல்லவா? நீ அப்பாவிடம் கோபித்துக்கொண்டு டுலூத் நகரத்துக்குப் போனதிலிருந்து, பள்ளி விட்டதும் நூலகத்துக்கு வந்து நான்தான் அதை அவருக்குப் படித்துக் காட்டுகிறேன்.

அந்தக் கையெழுத்து எனக்குப் பாதிதான் புரிகிறது. புரியாத இடங்களில் நானாக எதையாவது சொல்லிவிடுகிறேன். ஓரிடத்தில், "பனி சோளத்தை மூடிவிட்டது" என்றேன். உடனே அந்த ஆண்டுப் பனியைப் பற்றி அப்பா ஒரு முழுப் பக்க அடிக்குறிப்பைச் சொல்லி, என்னையே எழுத வைத்தார்.

நேற்று, "ஒருதடவ நீங்களே பாத்துடுங்கப்பா" என்றேன்.

"நீதான் பாதி புரொபசராச்சே, நீ பாத்தா போதாதா?" என்று சிரித்தார்.

வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. என் பொய்களெல்லாம் தபிதாவின் பெயரில் வந்துவிடும். உனக்கு அந்தக் கையெழுத்து படிக்க வரும். சண்டையை அப்புறம் வைத்துக்கொள்ளுங்கள். வியாழக்கிழமைக்குள் வந்துவிடு அம்மா, கெஞ்சிக் கேட்கிறேன்.

மணி ஐந்தாகிவிட்டது, குளிர்காலம் என்பதால் வெளியே இருட்டிவிட்டது. நூலகர் வில்டா வாசலிலிருந்து, "கிளம்புங்க புரொபசர்! அந்தம்மா செத்து இருநூறு வருஷமாச்சு, நாளைக்கு வரைக்கும் பொறுத்துக்குவாங்க" என்று கத்தினாள்.

அப்பா என் பக்கம் குனிந்து, "அவ வெளக்க அணைக்கறதுக்குள்ள இன்னும் ஒரு வரி படிச்சிடும்மா" என்கிறார்.

ஜன்னல் வழியே வரும் தெருவிளக்கின் வெளிச்சத்தில் இதை எழுதுகிறேன். வில்டா எல்லா விளக்குகளையும் அணைத்து இரண்டு நிமிடம் ஆகிறது.

உன் மகள்